ஒதுக்கிய மொழியே ஏன் விடுவிக்க வேண்டும்?

ரஸ்ட் நிரல் ‘ஏற்காடு’ என்ற சொல்லைச் சி நிரலுக்குத் தருகிறது. யுடிஎஃப்-8 முறையில் 7 குறியீடுகள், ஒவ்வொன்றும் 3 பைட். முடிவுப் பூஜ்யத்தோடு 22 பைட் நினைவகம். வேலை முடிந்ததும் சி தன் ‘ஃப்ரீ’ கட்டளையால் அதை விடுவிக்கலாமா?

கூடாது. நினைவகம் ஒதுக்கும் ஒவ்வொரு நிரலுக்கும் தனிக் கணக்கு உண்டு. லினக்ஸில் சில வேளை இரண்டுக்கும் ஒரே கணக்காக அமைந்து, தவறு தவறாகவே தெரியாது. எனக்கு அதுதான் பெரிய ஆபத்தாகப் படுகிறது.

எப்படிச் செய்வது? சுட்டியை ரஸ்டிடமே திருப்பித் தர வேண்டும். அது பூஜ்யம் வரை எண்ணி அளவைக் கணக்கிட்டு விடுவிக்கும். இடையில் சி, 10-வது பைட்டில் பூஜ்யம் எழுதி ‘ஏற்’ என்று சுருக்கியிருந்தால்? 22 பைட்டுக்குப் பதில் 10 என்றே ரஸ்ட் கணக்கிடும். ஆகவே, கடன் வாங்கிய சொல்லின் நீளத்தைச் சி மாற்றவே கூடாது.