உள்ளங்கையளவு டைனோசர்

1833-ஆம் ஆண்டு டிசம்பர் மாதத்தில், இங்கிலாந்தின் தென்கரையிலுள்ள லைம் ரீஜிஸ் என்னும் கடலோரச் சிற்றூரில் வாழ்ந்த எலிசபெத் பில்பாட் என்ற அம்மையார், ஆக்ஸ்ஃபோர்டில் இருந்த தம் சிநேகிதி மேரி பக்லாந்துக்கு எழுதிய கடிதத்தோடு ஒரு சிறு சித்திரத்தையும் அனுப்பிவைத்தார். பல கோடி ஆண்டுகளுக்கு முன் கடலில் நீந்தித் திரிந்து மறைந்துபோன இக்தியோசார் என்னும் ஊர்வனவின் மண்டையோட்டைக் காட்டும் மைச்சித்திரம் அது. அதன் விசேஷம் யாதெனில், அதை வரையப் பயன்பட்ட மையும் அந்தப் புராதனக் காலத்துக்கே உரியதாக இருந்தது. கணவாய்க்குத் தூரத்து உறவான பெலம்னைட் என்ற கடற்பிராணியின் உடலுக்குள்ளிருந்த மைப்பை, அப்பிராணியோடு சேர்ந்து கல்லாகிப் பாறைக்குள் கிடந்ததை, அவ்வூரின் கீர்த்திபெற்ற புதைபடிவ ஆராய்ச்சியாளரான மேரி ஆனிங் 1826-ஆம் ஆண்டு வாக்கில் கண்டுபிடித்தார். அந்த உலர்ந்த கருமையைத் தண்ணீர் விட்டுக் குழைத்தால் அது மறுபடியும் மையாகும் என்பதைப் பில்பாட் அம்மையார் செய்தே காட்டினார்.

அந்தச் சித்திரத்தைப் பெற்றுக்கொண்டவரும் சாமானியர் அல்லர். வில்லியம் பக்லாந்து 1824-இல் மெகலோசாரஸ் என்று பெயரிட்டு ஒரு டைனோசரை முதன்முதலாகச் சாஸ்திர உலகுக்கு விவரித்தபோது, அக்கட்டுரைக்கு எலும்புகளின் படங்களை வரைந்துகொடுத்தவர், அப்போது மேரி மோர்லாந்து என்ற பெயரோடு இருந்தவரும், மறு ஆண்டில் அவரை மணந்துகொண்டவருமான இந்த மேரிதான். இக்தியோசார் டைனோசர் இனத்தைச் சேர்ந்தது அன்று. ஆயினும் எலும்பை அறிந்த ஒருவர், எலும்பை அறிந்த மற்றொருவருக்கு, தம் கையால் வரைந்து அன்போடு அனுப்பிய சிறு சித்திரம் என்ற வகையில், இன்றைக்கு உலகெங்கும் டைனோசர் பிரியர்கள் ஒருவருக்கொருவர் வரைந்து வழங்கிக்கொள்ளும் சிற்றுருவச் சித்திரங்களுக்கு இதையே மூதாதை என்று சொல்லலாம். விஷயம் தெரிந்தவருக்குக் கொடுக்கப்படும் சித்திரம், அழகாயிருந்தால் மட்டும் போதாது. உண்மையாகவும் இருக்கவேண்டும் என்பதே இக்கலையின் முதல் தர்மம்.

இதே ஊரைச் சுற்றி இன்னுமொரு நற்செயலும் நடந்திருக்கிறது. மேரி ஆனிங் கண்டெடுத்த புதைபடிவங்களை ஆதாரமாகக் கொண்டு, புவியியலறிஞர் ஹென்றி டி லா பெச் 1830-இல் பண்டைக் கடலின் ஜீவராசிகளை உயிரோடு உலவுவனவாக ஒரு சித்திரத்தில் தீட்டினார். அதைக் கல்லச்சில் பிரதிகளாக்கி விற்று, வந்த பணத்தை வறுமையிலிருந்த ஆனிங்குக்கே உதவியாக அளிக்கச் செய்தார். ஆகவே, அழிந்துபட்ட பிராணிகளைச் சித்திரிக்கும் கலை பிறந்த காலத்திலேயே சிநேகமும் கைம்மாறு கருதாத ஈகையும் அதனோடு உடன்பிறந்தன என்று கருதுவதில் பிழையில்லை.

இனி, இச்சித்திரங்கள் எவ்வாறு உருவாகின்றன என்பதைப் பார்ப்போம். விற்பதற்கன்றிப் பரிமாறிக்கொள்வதற்கே என்ற நியமத்தோடு 1990-களில் சுவிட்ஸர்லாந்தின் சூரிச் நகரில் தொடங்கிப் பரவிய சித்திர அட்டைகளின் அளவு 64 மில்லிமீட்டருக்கு 89 மில்லிமீட்டர். சட்டைப்பையில் அடங்கக்கூடிய இந்த அளவையே பலரும் கைக்கொள்ளுகிறார்கள். இதில் 12 மீட்டர் நீளமுள்ள டைரனோசாரஸை 8 சென்டிமீட்டருக்குள் அடக்கவேண்டுமானால், அதன் உருவத்தை 150-இல் ஒரு பங்காகச் சுருக்கவேண்டும். அவ்வாறு சுருக்கும்போது, ஏறத்தாழ ஒரு மீட்டர் நீளமுள்ள அதன் கை 7 மில்லிமீட்டருக்கும் குறைந்துவிடும். வேரோடு சேர்த்து 30 சென்டிமீட்டர் வரை இருக்கக்கூடிய அதன் பெரிய பல் 2 மில்லிமீட்டராகும்.

இந்தக் கணக்கை இன்னும் ஒரு படி மேலே கொண்டுபோனால், இக்கலையின் அந்தரங்கமே புலப்படும். மெல்லிய முனையுள்ள பேனாவின் கோடு 0.2 மில்லிமீட்டர் அகலம் என்று கொண்டால், அந்தக் கோடு உண்மையான டைரனோசாரஸின் உடலில் 3 சென்டிமீட்டர் அகலத்துக்குச் சமானமாகும். பாறையில் பதிந்து கிடைத்திருக்கும் அதன் தோலின் அச்சுகளைப் பார்த்தால், செதில்களோ ஒரு சென்டிமீட்டருக்கும் குறைந்த சிறு மணிகளாகவே இருக்கின்றன. ஆகவே, இந்த அளவிலுள்ள சித்திரத்தில் செதில் செதிலாக வரைந்து நிரப்புகிறவர், எத்தனை சிரமப்பட்டு வரைந்தாலும், அப்பிராணிக்கு இல்லாத ஓடு ஒன்றை அதன்மேல் போர்த்துகிறவரே ஆவார். செதில்களை விட்டுவிட்டு, தசையின் திரட்சியையும் தோலின் மடிப்பையும் நிழலால் மாத்திரம் உணர்த்துகிறவரே உண்மைக்கு அருகில் நிற்கிறார். எதை வரையலாகாது என்ற விவேகம், எதை வரைவது என்ற திறமைக்கு முன்னால் வரவேண்டும்.

பிராணி மாறினால் இந்த நியாயமும் மாறும். சீனாவின் லியாவ்நிங் மாகாணத்தில் கண்டெடுக்கப்பட்டு 1996-இல் பெயர்பெற்ற சைனோசாரோப்டெரிக்ஸ், சுமார் ஒரு மீட்டர் நீளமே உள்ள சிறு டைனோசர். அதே 8 சென்டிமீட்டரில் இதை வரையும்போது, பேனாவின் அதே கோடு இரண்டரை மில்லிமீட்டருக்கே சமானமாவதால், அதன் உடலைப் போர்த்தியிருந்த மயிர் போன்ற இறகிழைகளைச் சிறு சிறு கீற்றுகளாக இழுத்துக் காட்ட இடமுண்டு. அதன் வாலில் செம்பழுப்பும் வெண்மையும் மாறி மாறி வளையங்களாக அமைந்திருந்தன என்பதும் 2010-இல் தெரியவந்தது; கறுப்பு மை ஒன்றினாலேயே அந்த வளையங்களைக் காட்டிவிடலாம். நிறத்தை நமக்கு அறிவித்தது, இறகுகளில் எஞ்சியிருந்த மெலனின் என்ற நிறப்பொருளின் நுண்ணிய பொதிகள். பெலம்னைட்டின் மையில் இருந்ததும் இந்த மெலனின்தான். புதைபடிவ மையின் நுண்துகள்களை ஆராய்ந்துகொண்டிருந்த அனுபவமே, இறகுகளிலும் அத்தகைய பொதிகள் உண்டு என்று ஆராய்ச்சியாளர்கள் கண்டுகொள்ள வழிகாட்டியது.

வரையத் தொடங்குமுன் எலும்புக்கூட்டின் பக்கத்தோற்றப் படம் ஒன்றைத் துணையாகக் கொள்ளவேண்டும். அமெரிக்கரான கிரெகரி பால் 1988-இல் வெளியிட்ட நூலில், உடலின் புறவடிவைக் கறுப்பாக நிரப்பி அதனுள் எலும்புகளை வெண்மையாகக் காட்டிய முறை, இன்று எங்கும் பின்பற்றப்படும் பிரமாணமாகிவிட்டது. அதிலிருந்து முதுகெலும்பின் வளைவை ஒரே கோடாக, கெட்டியான பென்சிலால் மிக இலேசாக எடுத்துக்கொள்ளவேண்டும். ஊன்உண்ணும் டைனோசரின் உடல், இடுப்பைத் தராசின் நடுமுள்ளாகக் கொண்டு, முன்னே தலையும் பின்னே வாலும் சமநிலையில் நிற்குமாறு கிடைமட்டமாக அமையும்; வாலைத் தரையில் இழுத்துக்கொண்டு நிமிர்ந்து நிற்பதாக வரைந்த பழைய மரபு இப்போது கைவிடப்பட்டுவிட்டது. டைனோநிகஸ் என்ற வேகப்பிராணியை ஜான் ஆஸ்ட்ரம் 1969-இல் விவரித்தபோது, ராபர்ட் பேக்கர் அது பாய்ந்தோடுவதாக வரைந்த மைச்சித்திரம் அந்த மாற்றத்துக்கு ஊக்கமளித்தவற்றுள் முக்கியமானது. ஊன்உண்ணும் டைனோசர்களில் உள்ளங்கைகள் தரையை நோக்காமல் ஒன்றையொன்று நோக்கி நிற்கும். டைரனோசாரஸுக்குச் செயற்படும் விரல்கள் இரண்டே. விஷயம் தெரிந்தவரின் கண் முதலில் போவது இந்த இடங்களுக்குத்தான்.

காகிதம் வழவழப்பாகவும் கனமாகவும் இருக்கவேண்டும். சொரசொரப்பான காகிதத்தில் மை இழைகளின் வழியே பரவி, புள்ளி பொட்டாகிவிடும். சாதாரண எழுதுமை சாயத்தால் ஆனதாகையால் வெளிச்சம் பட்டு நாளடைவில் வெளிறிப்போகும். கரித்துகள் கலந்த மையோ, 1982-இல் ஜப்பானின் சகுரா நிறுவனம் கொண்டுவந்தது போன்ற நிறமித்துகள் மையோ, நீருக்கும் ஒளிக்கும் ஈடுகொடுத்து நிற்கும். நிழலைப் புள்ளிகளால் உண்டாக்குவதே இச்சிற்றுருவத்துக்குப் பொருத்தமான முறை. பேனாவைச் செங்குத்தாகப் பிடித்து, அழுத்தாமல் தொட்டெடுக்கவேண்டும். எல்லாப் புள்ளிகளும் ஒரே பருமனாக இருக்க, அவற்றின் நெருக்கத்தால் மாத்திரமே இருளும் ஒளியும் பிறக்கவேண்டும். கோலத்துப் புள்ளிகளைப்போல வரிசையாக வைத்துவிட்டால் கண் வரிசையைத்தான் பார்க்குமேயன்றி உருவத்தைப் பாராது. ஒளி இடப்புறத்து மேற்பக்கத்திலிருந்து விழுவதாகக் கொள்வது விஞ்ஞானச் சித்திரங்களின் நெடுநாளைய வழக்கம். மை நன்றாக உலர்ந்த பிறகே பென்சில் கோடுகளை அழிக்கவேண்டும்.

சித்திரத்தின் உண்மைக்கு இத்தனை வற்புறுத்துவானேன் என்று கேட்கலாம். இகுவானோடான் என்ற டைனோசரின் கட்டைவிரல் முள்ளை, அதற்குப் பெயரிட்ட கிடியன் மாண்டெல் மூக்கின்மேல் கொம்பாக வரைந்தார். 1878-இல் பெல்ஜியத்தின் பெர்னிசார் சுரங்கத்தில் முழு எலும்புக்கூடுகள் அகப்படும் வரையில் அந்தக் கொம்பு மறையவில்லை. நம் அரியலூர்ப் பகுதியைச் சேர்ந்த கல்லமேட்டில் கிடைத்த மாபெரும் எலும்புகளைக் கொண்டு, 1987-இல் யாதகிரியும் அய்யாசாமியும் பிருஹத்காயோசாரஸ் என்ற பிராணியை விவரித்தார்கள். எலும்புகள் காப்பாற்ற முடியாதபடி பின்னர் உதிர்ந்துபோயின. எஞ்சிய படங்கள் போதிய தெளிவின்றி இருந்தமையால், அது எலும்புதானா அன்றிக் கல்லான மரமா என்ற சந்தேகமும் அறிஞர்களிடையே நெடுங்காலம் நிலவிற்று. 2022-இல் பழைய புகைப்படங்கள் பிரசுரமான பின்னரே அது டைனோசரின் எலும்புதான் என்ற கட்சி வலுப்பெற்றது. பொருள் அழிந்தபின் சித்திரமே சாட்சியாக நிற்கவேண்டிய சந்தர்ப்பமும் உண்டு என்பதற்கு இதைவிட நிதர்சனம் வேண்டியதில்லை.

ஆகையால், அன்பளிப்பாகக் கொடுக்கும் அட்டையின் பின்புறத்தில் பிராணியின் பெயரையும், அது எங்கே கிடைத்தது, எத்தனை கோடி ஆண்டுகளுக்கு முற்பட்டது, எத்தனையில் ஒரு பங்காகச் சுருக்கப்பட்டது என்பவற்றையும், வரைந்த ஆண்டையும் தவறாமல் எழுதிவைக்கவேண்டும். பெறுகிறவர் எந்தப் பிராணியை நேசிக்கிறார் என்று விசாரித்து அதையே வரைவது அன்பு. அவருடைய அறிவுக்கு மரியாதை செய்யும் வகையில் ஒரு புள்ளியையும் ஆதாரமின்றி வையாதிருப்பது அதனினும் பெரிய அன்பு. நாளைக்குப் புதிய எலும்பு ஒன்று மண்ணிலிருந்து வெளிப்பட்டு நம் சித்திரத்தைத் திருத்துமாயினும், இன்ன ஆண்டில் இவ்வளவு அறிந்திருந்தோம் என்பதற்கு அந்தச் சிறு அட்டை நேர்மையான சாசனமாக விளங்கும்.