பின்தங்கிய பிள்ளையும் நம் சங்கமும்

சென்ற ஆண்டு ஒரு நெசவாளர் கூட்டுறவுச் சங்கத்தின் கணக்குகளைப் பார்வையிடச் சென்றிருந்தேன். கடன் பாக்கியைச் சரிபார்க்கும் பொருட்டு ஓர் அங்கத்தினரின் இல்லத்திற்குப் போக நேர்ந்தது. அவர் பாஸ் புத்தகத்தைப் பெட்டியிலிருந்து எடுத்து நீட்டினார். "தொகை சரிதானா?" என்று வினவினேன். "ஐயா பார்த்துச் சொன்னால் சரி, எனக்குக் கைநாட்டுத்தான்" என்றார்.

தறியருகே பத்து வயதுச் சிறுவன் ஒருவன் ராட்டையில் தார் சுற்றிக்கொண்டிருந்தான். அன்றோ பள்ளி நாள். "இவன் ஐந்தாம் வகுப்பு. எல்லாருக்கும் ஒரே பாடந்தான் நடக்கிறது. இவனுக்கு மட்டும் ஏறவில்லை. தொழிலாவது கற்கட்டும் என்று நிறுத்திவிட்டேன்" என்றார் தந்தை.

பாஸ் புத்தகத்தைச் சிறுவனிடம் கொடுத்தேன். எண்களைத் தடங்கலின்றிக் கூட்டினான், எழுத்துக்களிலேயே தடுமாறினான். 'கொ' என்னும் எழுத்தில் கொம்பு முன்னே நிற்கிறது. ஒலியில் ககரமே முந்துகிறது. அங்கே அவன் நின்றுவிட்டான். அறிவுக் குறைவு அன்று அது. அவனுக்கு எழுத்தைக் கற்பிக்கும் வழி வேறாக இருத்தல் வேண்டும், அவ்வளவே.

எல்லாருக்கும் ஒரே பாடம் என்பது கேட்பதற்கு நீதியாகத் தோன்றும். ஆனால் 20-ஆம் நம்பர் நூலையும் 100-ஆம் நம்பர் நூலையும் ஒரே அச்சில் பூட்டி நெய்யும் நெசவாளர் உண்டோ? கரிசலுக்கும் செம்மண்ணுக்கும் ஒரே கணக்கில் நீர் பாய்ச்சும் விவசாயி உண்டோ? நூலுக்கும் நிலத்துக்கும் நாம் காட்டும் விவேகத்தைப் பிள்ளைகளுக்கும் காட்டுவதே உண்மையான சமத்துவம்.

இவ்வுண்மையை நம் மாநிலம் முன்பே ஒருவாறு உணர்ந்திருக்கிறது. பசித்த பிள்ளையையும் உண்ட பிள்ளையையும் ஒரே பலகையில் அமர்த்தினால் மட்டும் போதாது என்பதனாலேயே காமராஜர் ஆட்சியில், 1956-இல், மதிய உணவுத் திட்டம் பிறந்தது. 1982-இல் எம்.ஜி.ஆர். ஆட்சியில் அது சத்துணவுத் திட்டமாக விரிந்தது. 2022-இல் காலை உணவும் சேர்ந்தது. வயிற்றுக்குச் செய்த நியாயத்தை வாசிப்புக்கும் செய்ய வேண்டியதே இனி உள்ள கடமை.

அதற்கும் வழிகள் உள. 2022-இல் தொடங்கிய 'எண்ணும் எழுத்தும்' திட்டத்தில், பிள்ளைகளை அவரவர் கற்றிருக்கும் நிலையறிந்து அரும்பு, மொட்டு, மலர் எனப் பிரித்துப் பயிற்றும் முறை வகுக்கப்பட்டது. 2016-ஆம் ஆண்டின் மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் 21 வகைக் குறைபாடுகளைக் குறிப்பிடுகிறது. பார்வை, செவிப்புலன் முதலியவற்றோடு, எழுத்தை வாசிப்பதில் தனியே தோன்றும் கற்றல் குறைபாடும் அவற்றுள் ஒன்று. ஆகவே 'படிப்பு ஏறவில்லை' என்று தீர்ப்புக் கூறுமுன், காரணம் யாதென ஆராய்தல் பெற்றோரின் கடமை.

நம் சங்கங்கள் செய்யத்தக்கவை சில உண்டு. முதலாவது, அங்கத்தினர் பிள்ளைகளின் கண்களைப் பரிசோதிக்க முகாம் கூட்டலாம். கரும்பலகை தெரியாத பிள்ளை மந்தபுத்தி என்று பெயர் வாங்குவது எத்தனை அநியாயம்! இரண்டாவது, 14 வயது நிறையாத பிள்ளை, ஆபத்தில்லாத குடும்பத் தொழிலிலுங்கூட, பள்ளி நேரத்திற்குப் பின்னரும் விடுமுறையிலும் மட்டுமே உதவலாம் என்ற சட்ட விதியை அங்கத்தினருக்கு எடுத்துரைக்கலாம். மூன்றாவது, பிழைப்பு நாடி ஊர் மாறி வந்த குடும்பத்தாருக்கு, மாற்றுச் சான்றிதழ் தாமதமாவதைக் காரணம் காட்டிப் பள்ளியில் சேர்க்க மறுத்தல் கூடாது என்ற 2009-ஆம் ஆண்டுக் கல்வி உரிமைச் சட்டத்தின் விதியை அறிவிக்கலாம். நான்காவது, பள்ளி மேலாண்மைக் குழுவில் முக்கால் பங்கினர் பெற்றோராகவும், பாதிப்பேர் பெண்களாகவும் இருத்தல் வேண்டும் என்பது அதே சட்டத்தின் ஏற்பாடு. நம் சகோதரிகள் அதில் இடம்பெற்றுப் பேச வேண்டும்.

கல்வி நமக்குப் புறம்பான காரியமன்று. 1844-இல் ராச்டேலில் 28 எளிய மனிதர் தொடங்கிய சங்கம், பின்னர் தன் லாபத்தில் ஒரு பகுதியை வாசகசாலைக்கும் நூலகத்திற்கும் ஒதுக்கிற்று. கூட்டுறவின் கொள்கைகளுள் ஒன்றாகக் கல்வி இன்றும் நிலைபெற்றுள்ளது.

அச்சிறுவனைப் பற்றிச் சங்கக் காரியதரிசி தலைமையாசிரியரிடம் பேசினார். வட்டார வள மையத்தின் சிறப்புப் பயிற்றுநர் வந்து பார்த்தார். மணலில் விரலால் எழுதியும், அட்டையில் வெட்டிய எழுத்துக்களைத் தடவியும் கற்கத் தொடங்கினான் அவன். எட்டு மாதங்களுக்குப் பின் மீண்டும் அவ்வூர் சென்றேன். அவன் மற்றப் பிள்ளைகளைப்போல் விரைந்து வாசிக்கவில்லை. ஆயினும் தந்தையின் பாஸ் புத்தகத்தை மடியில் வைத்து, "கொ...டு...பட...வேண்டி...யது" என்று எழுத்தெழுத்தாகக் கூட்டி வாசித்தான். இருமுறை தடுமாறினான். தந்தை அவசரப்படுத்தவில்லை, தறியை நிறுத்திவிட்டுக் காத்திருந்தார்.

ஆண்டுதோறும் கணக்கேட்டில் கைநாட்டுக்களைப் பார்த்துக் கையொப்பமிட்டு வந்த நான், அவற்றின் பின்னே எத்தகைய பிள்ளைப் பருவம் இருந்தது என்று அதுவரை எண்ணிப் பார்த்ததில்லை. அடுத்த பொதுக்குழுக் கூட்டத்தில், நிலுவைக் கடன்களைப் பற்றிப் பேசி முடித்தபின், 'நம் வீட்டில் வாசிக்க இயலாத பிள்ளை எது?' என்ற கேள்வியையும் எழுப்புங்கள். அந்த நிலுவையும் நாம் தீர்க்க வேண்டியதே.