ப்ளீச்சிங் பவுடர் போட்டதும் தண்ணி பழுப்பாகுதா? போர் தண்ணியின் இரும்புக்கறையை விரட்டும் வழி!

வெயில் காலம் வந்தாலே மொட்டைமாடியில காத்தடிச்ச குட்டி பூல், பண்ணை வீட்டுல டைல்ஸ் ஒட்டின நீச்சல் குளம்னு தண்ணி விளையாட்டு களைகட்டிடும். போர் தண்ணியை நிரப்பும்போது கண்ணாடி மாதிரிதான் இருக்கும். 'கிருமி போகட்டும்'னு கொஞ்சம் ப்ளீச்சிங் பவுடர் போட்டா, கொஞ்ச நேரத்துல டீ டிகாஷன் கலர்! ரெண்டு நாள்ல அடியிலயும் ஓரத்துலயும் செங்காவிக் கறை படிஞ்சுடும்.

பொன்னேரி, மீஞ்சூர் பக்கம் போர் தண்ணியை நம்பி இருக்குற பல வீடுகளுக்கு இது புதுசில்ல. பக்கெட், பாத்ரூம் டைல்ஸ், ஸ்கூல் வெள்ளைச் சட்டைனு எல்லாத்துலயும் இந்தக் கறை உட்கார்ந்திருக்கும். தேய்ச்சுத் தேய்ச்சு கை ஓய்ஞ்சதும், கடைசியில் கை போறது ஆசிட் பாட்டிலுக்குத்தான். ஆபத்து ஆரம்பிக்கிறதும் அங்கேதான்.

கறை எங்கிருந்து வருது?

ஆரணி ஆறும் கொசஸ்தலை ஆறும் கொண்டுவந்து சேர்த்த வண்டலும் மணலும்தான் இந்தப் பகுதியின் நிலம். மணல்துகள்களின் மேல் இரும்புச்சத்து ஒட்டியிருக்கும். ஆழத்தில் ஆக்சிஜன் குறைவாக இருப்பதால், அந்த இரும்பு நிறமே இல்லாமல் தண்ணீரில் கரைந்துவிடும். மேலே வந்து காற்று பட்டதும் துருவாக மாறி, பழுப்பாகப் படியும். குளோரின் இந்த வேலையை இன்னும் வேகப்படுத்தும். அதனால்தான் ப்ளீச்சிங் பவுடர் போட்டதும் கலர் மாறுது. பவுடர் கெட்டுப்போச்சுனு அர்த்தமில்லை.

இந்த ஊர்களுக்கு இன்னொரு தலைவலியும் உண்டு. பல ஆண்டுகளாக நிலத்தடி நீரை அதிகமாக உறிஞ்சியதில், மீஞ்சூர் பகுதியில் கடல்நீர் நிலத்தடிக்குள் புகுந்துவிட்டது. உப்புத்தண்ணி பழைய இரும்புக் குழாய்களைச் சீக்கிரம் அரிக்கும். அதனால் கறைக்குக் காரணம் நிலத்தடி நீராகவும் இருக்கலாம், உங்க வீட்டு பைப்பாகவும் இருக்கலாம்.

குற்றவாளி யாருனு கண்டுபிடிங்க

* காலையில் குழாயைத் திறந்ததும் பழுப்பாக வந்து, கொஞ்ச நேரத்தில் தெளிஞ்சா, பைப் துருப்பிடிச்சிருக்க வாய்ப்பு அதிகம்.
* தெளிவாக வந்த தண்ணி, பக்கெட்டில் சில மணி நேரம் நின்னதும் பழுப்பானா, அது நிலத்தடி இரும்பு.
* டாய்லெட் ஃப்ளஷ் டேங்கில் கொழகொழனு ஆரஞ்சுப் படலம் இருந்தா, அது இரும்பைத் தின்று வளரும் பாக்டீரியாவின் வேலை. டேங்கைக் காலி செய்து தேய்ச்சுக் கழுவணும்.
* அந்தத் தண்ணியில் போட்ட டீ வழக்கத்தைவிடக் கறுத்துப்போனாலும் இரும்பைச் சந்தேகப்படலாம்.

எவ்வளவு இரும்பு இருக்குனு துல்லியமாகத் தெரியணும்னா, தமிழ்நாடு குடிநீர் வடிகால் வாரியத்தின் மாவட்ட ஆய்வகத்தில் தண்ணியைக் கொடுத்துப் பரிசோதிக்கலாம். குடிநீரில் லிட்டருக்கு 1 மில்லிகிராம் வரைதான் இரும்பு இருக்கலாம் என்கிறது இந்தியத் தர நிர்ணயம். ஆனா, கறையும் ருசி மாற்றமும் கிட்டத்தட்ட 0.3 மில்லிகிராம் அளவிலேயே தலைகாட்டத் தொடங்கிடும்.

தண்ணியை மாத்தினா சரியாகிடுமா?

ஆகாது. கணக்கு இதோ: 6 மீட்டர் நீளம், 3 மீட்டர் அகலம், 1.2 மீட்டர் ஆழமுள்ள குளத்துக்கு 21,600 லிட்டர் தண்ணி வேணும். லிட்டருக்கு 1 மில்லிகிராம் இரும்பு இருந்தா, ஒவ்வொரு முறை நிரப்பும்போதும் 21 கிராமுக்கு மேல் இரும்பு புதுசா உள்ளே வருது. வடிச்சு வடிச்சு நிரப்பினா கறையும் கூடும், ஏற்கெனவே உப்பேறிக் கிடக்கும் நிலத்தடி நீரும் வீணாகும்.

வைட்டமின் சி வைத்தியம்

மெடிக்கல் ஷாப்பில் ஒரு வைட்டமின் சி மாத்திரை வாங்கி, கறை மேல அரை நிமிஷம் அழுத்திப் பிடிங்க. அந்த இடம் வெளுத்தா, அது இரும்புக்கறைதான். துருவை மறுபடியும் கரையும் இரும்பாக மாற்றுவதுதான் வைட்டமின் சி-யின் வேலை.

மொட்டைமாடி பூல்னா வேலை சுலபம். தண்ணியைச் செடிக்கு ஊத்திட்டு, ஒரு லிட்டர் தண்ணியில் ரெண்டு ஸ்பூன் எலுமிச்சை உப்பு, அதாவது சிட்ரிக் ஆசிட், கரைச்சுத் துடைங்க. 10 நிமிஷம் கழிச்சுக் கழுவிடுங்க. கிளவுஸ் அவசியம்.

பெரிய குளம்னா, முதல்ல குளோரின் அளவு கிட்டத்தட்ட பூஜ்யத்துக்கு இறங்கணும். இல்லைனா குளோரினும் வைட்டமின் சி-யும் ஒன்றையொன்று காலி பண்ணிடும். அப்புறம் 1,000 லிட்டருக்குச் சுமார் 12 கிராம் கணக்கில் வைட்டமின் சி பவுடரைத் தூவி, மோட்டாரை ஓட விடணும். கறை கரைஞ்சதும், பூல் கடைகளில் கிடைக்கும் உலோகக் கட்டுப்பாட்டு மருந்தை ஊத்தணும். இல்லைனா கரைஞ்ச இரும்பு திரும்பவும் படியும். கடைசியா பிஹெச் அளவை 7.2 முதல் 7.6-க்குள் கொண்டுவந்து, குளோரினைக் கொஞ்சம் கொஞ்சமா ஏத்தணும். அதுவரை யாரும் குளத்தில் இறங்கக் கூடாது.

டைல்ஸ், சட்டைக்கு என்ன வழி?

பீங்கான் டைல்ஸ், பக்கெட்டுக்கு அதே எலுமிச்சை உப்பு போதும். மார்பிள், மொசைக், சிமென்ட் தரைக்கு வேண்டாம், அரிச்சுடும். வெள்ளைச் சட்டையை எலுமிச்சை உப்பு கலந்த வெதுவெதுப்பான தண்ணியில் 20 நிமிஷம் ஊறவெச்சு, நல்லா அலசின பிறகு சோப்பு போடுங்க. துருக்கறை மேல ப்ளீச் ஊத்தினா கறை இன்னும் அழுத்தமா உட்கார்ந்துக்கும்.

இதை மட்டும் செய்யவே கூடாது!

ஆசிட்டையும் ப்ளீச்சிங் பவுடரையும் ஒருபோதும் கலக்காதீங்க. ரெண்டும் சேர்ந்தா குளோரின் வாயு கிளம்பும். ஜன்னல் சாத்தின பாத்ரூமில் அது உயிருக்கே ஆபத்து. எலுமிச்சை உப்பும் வினிகரும்கூட ஆசிட்தான். தவறிக் கலந்துட்டா, சுத்தம் பண்ண நிக்காம உடனே வெளியே வாங்க. மூச்சுத் திணறல் இருந்தா 108-க்கு போன் பண்ணுங்க.

வருமுன் காப்போம்

போர் தண்ணியை நேரா டேங்கில் விடாம, துளைபோட்ட பைப் வழியா ஷவர் மாதிரி விழவிடுங்க. காத்து பட்டு இரும்பு துருவாகும். ராத்திரி முழுக்கத் தெளியவெச்சு, மேல் தண்ணியை மணல் ஃபில்டர் வழியா எடுத்தா பெரும்பகுதி நின்னுடும். டேங்க் அடியில் சேரும் சேற்றை அடிக்கடி திறந்துவிடணும். இரும்பு அதிகம்னா தனி இரும்பு ஃபில்டர் தேவைப்படும்.

ஒரு விஷயம்... கறை போயிடுச்சுங்கிறதால அந்தத் தண்ணி குடிக்க ஏத்ததுனு ஆகிடாது. உப்பும் கிருமியும் கண்ணுக்குத் தெரியாது. பக்கத்துக் காட்டுப்பள்ளியில் 2010-ல் தொடங்கின ஆலை, கடல்நீரை நாளொன்றுக்கு 10 கோடி லிட்டர் வரை குடிநீராக்கிச் சென்னை நகருக்கு அனுப்பும் திறன் கொண்டது. அதே கடலோரத்தில் இருக்கும் போர்வெல் வீடுகளோ, பழுப்புத் தண்ணியோட மல்லுக்கட்டுது. அதனால டைல்ஸைத் தேய்க்கிறதுக்கு முன்னாடி, தண்ணியை ஒரு தடவை டெஸ்ட் பண்ணிடுங்க. அந்த ரிப்போர்ட் கையில் இருந்தா, உங்க தெருவுக்கு நல்ல குழாய்த் தண்ணி கேட்கவும் அதுதான் ஆதாரம்!