நீலக்கல்லும் நெருப்பும்

இரத்தினபுரிப் பக்கம் சென்றவர்கள், வயல்களின் நடுவே கூரை வேய்ந்த குழிகளைக் கண்டிருப்பார்கள். அக்குழிகளின் அடியிலிருந்து எடுக்கும் ‘இல்லம்’ என்னும் சரளையைக் கூடைகளில் இட்டு, நீரிற் சுழற்றி அரிக்கின்றனர். மண்ணும் மணலும் நீரோடு போக, இரத்தினக்கற்கள் அடியிலே தங்குகின்றன. காரணம் யாது? நீலக்கல், தன் அளவு நீரைப்போல் நான்கு மடங்கு நிறையுடையது. சாதாரண வெண்மணலோ இரண்டரை மடங்கிற்குச் சற்றே மேற்பட்டது.

நீலக்கல்லும் மாணிக்கமும் குருந்தம் என்னும் ஒரே கனியத்தின் இரு கோலங்களாம். இக்கனியத்துக்கு ஆங்கிலத்தில் வழங்கும் பெயரும் இத்தமிழ்ச் சொல்லினின்றே பிறந்தது. அலுமினியமும் ஒட்சிசனும் சேர்ந்த இப்பளிங்கு, தூயதாயின் நிறமற்றிருக்கும். சிறிதளவு குரோமியம் கலந்தால் மாணிக்கச் சிவப்பு. இரும்பும் தைத்தேனியமும் கலந்தால் நீலம்.

மோ என்னும் ஜெர்மானிய அறிஞர் வகுத்த வன்மை வரிசையில் வைரத்திற்கு 10, குருந்தத்திற்கு 9. எனவே உருக்குக் கத்தியாலும் இதனைக் கீற இயலாது. கையில் எடுத்தால் குளிர்ந்திருக்கும். ஏனெனில், கண்ணாடியைவிட ஏறக்குறைய முப்பது மடங்கு நன்றாக இது வெப்பத்தைக் கடத்துகிறது. இரும்பு 1,538 பாகை செல்சியசில் உருகிவிடும். குருந்தமோ 2,000 பாகையைக் கடந்த பின்னரே உருகும்.

இந்த வெப்பத்தின் இரகசியத்தை அறியாமையால் நம் நாடு இழந்தது சிறிதன்று. பால் கலந்தாற்போல் மங்கிய குருந்தக் கற்களைக் ‘கெவுடா’ என்று கூறி, மதிப்பற்றவையாக ஒதுக்கி வந்தோம். 1970களில் தாய்லாந்து வணிகர் அவற்றை மலிவாக வாங்கிச் சென்று, ஒட்சிசன் குறைந்த உலையில் 1,600 பாகைக்கு மேலாகச் சூடேற்றினர். கல் உருகவில்லை. ஆனால், அதனை மங்கச் செய்த நுண்ணிய ஊசிகள் கரைந்தன. அவற்றிலிருந்த தைத்தேனியம் பளிங்கினுட் பரவி, அங்கிருந்த இரும்போடு கூடிற்று. மங்கல் நீங்கி, நீலம் பிறந்தது!

எல்லாக் கெவுடாவும் இவ்வாறு மாறுவதில்லை. இரும்பு போதாவிடின் நிறம் வராது. வெடிப்புள்ள கல் சூட்டில் பிளந்துவிடும். தக்க கல்லைத் தெரிந்தெடுத்து மெல்லச் சூடேற்றி, மெல்ல ஆறவிடும் இக்கலையைப் பின்னர் இலங்கையரும் கற்றுக்கொண்டனர்.

சூடேற்றிய கல் போலியன்று. எனினும், சூடு காணாத நல்ல நீலக்கல்லுக்கே விலை மிகுதி. ஆதலால், நகை வாங்குவோர் அதனை வினவியறிதல் நன்று. மாணவர்களோ, ‘உருகுநிலை’ என்னும் எண்ணைப் பாடநூலிற் காணும்போதெல்லாம், நாம் மலிவாக விற்ற கெவுடாவை நினைவிற் கொள்வார்களாக.