டூடுல் வாங்குவது சரி... தினம் சீவி விடுவது யார்?

நாய் வளர்ப்பைப் பற்றி இந்தப் பக்கத்தில் தோழிகள் யாராவது எழுதுவார்கள் என்று ரொம்ப நாளாகப் பார்த்துக் கொண்டிருந்தேன். கோலம் வந்தாச்சு, கொழுக்கட்டை வந்தாச்சு, மாமியார் வாரா வாரம் வருகிறார். நாய் மட்டும் வரக் காணோம். சரி, நாமே எழுதிவிடலாம் என்று உட்கார்ந்துவிட்டேன்.

சிங்கப்பெருமாள் கோவிலிலிருந்து ஒரகடம் போகிற ரோட்டுப் பக்கம் எங்கள் வீடு. அவருக்குக் கம்பெனியில் ஷிப்ட் வேலை. நான் வீட்டிலேயே தையல். மகள் எட்டாம் வகுப்பு. அவள்தான் போனில் பார்த்துப் பார்த்து, "டூடுல்தான் வேணும்" என்று ஒற்றைக் காலில் நின்றாள். பூடுல் என்கிற சுருட்டை முடி நாயையும் லேப்ரடாரையும் சேர்த்தால் லேப்ரடூடுல். கோல்டன் ரெட்ரீவரோடு சேர்த்தால் கோல்டன்டூடுல். பார்க்கக் கரடி பொம்மை மாதிரி இருக்கும். எங்கள் வீட்டுக்கு வந்திருப்பது லேப்ரடூடுல், பெயர் பூந்தி. முதல் நாள் பார்த்த கீரைக்காரம்மா, "ஆட்டுக்குட்டிக்குத் தழை வேணுமாம்மா?" என்று கேட்டாரே பார்க்கலாம்!

இந்த நாயை விற்கிறவர்கள் சொல்வது இரண்டே வார்த்தை. முடி கொட்டாது, அலர்ஜி வராது. என் மகளுக்கு ஐந்து வயதிலிருந்து இளைப்பு உண்டு. அதனால் இந்த இரண்டாவது வார்த்தையை அப்படியே நம்பிவிட எனக்கு மனசு வரவில்லை.

விஷயம் என்ன என்று தேடிப் படித்தேன். 1980-களின் கடைசியில் ஆஸ்திரேலியாவில் வழிகாட்டி நாய் சங்கம் ஒன்றில் வாலி கான்ரன் என்பவர் வேலை பார்த்தார். ஹவாயில் கண் தெரியாத ஒரு அம்மாவுக்கு வழிகாட்டி நாய் வேண்டும். ஆனால் அவர் வீட்டுக்காரருக்கு நாய் முடி ஆகாது. அதற்காகத்தான் கான்ரன் பூடுலையும் லேப்ரடாரையும் சேர்த்தார். மூன்று குட்டிகள் பிறந்தன. மூன்றின் முடியையும் எச்சிலையும் ஹவாய்க்கு அனுப்பிப் பார்த்ததில், ஒன்றே ஒன்றுதான் அந்த மனிதருக்கு ஒத்துக்கொண்டது. ஒரே வயிற்றில் பிறந்த மூன்றில் ஒன்று! அடுத்த வேடிக்கை, மற்ற குட்டிகளைக் கலப்பு நாய் என்று சொல்லி வளர்க்க யாரும் முன்வரவில்லையாம். 'லேப்ரடூடுல்' என்று பெயர் வைத்ததும் கேட்டு வாங்க ஆள் வந்துவிட்டார்கள். ஏன்தான் இதை ஆரம்பித்தேனோ என்று பிற்காலத்தில் அவரே வருத்தப்பட்டுப் பேசினார்.

அலர்ஜி முடியிலிருந்து மட்டும் வருவதில்லை. எச்சில், உதிர்கிற தோல் துகள் இவற்றில் இருக்கிற புரதம்தான் மூல காரணம். 2012-ல் ஹாலந்து ஆராய்ச்சியாளர்கள் பல ஜாதி நாய்களின் முடியைச் சோதித்துவிட்டு, அலர்ஜி தராத ஜாதி என்று எதையும் சொல்ல ஆதாரமில்லை என்றே எழுதினார்கள். சோதித்ததில் லேப்ரடூடுலும் உண்டு.

எங்கள் குழந்தை டாக்டர் ஒரு வழி சொன்னார். "வாங்கறதுக்கு முன்னாடி அந்தக் குட்டியோடயே ஒரு மணி நேரம் உட்கார வைங்க. ஒரு நாள் பத்தாது, நாலஞ்சு தடவை போங்க" என்றார். தாம்பரம் பக்கம் குட்டி இருந்த வீட்டுக்கு ஐந்து ஞாயிற்றுக்கிழமை ரயிலேறிப் போய் வந்தோம். மடியில் வைத்துக்கொண்டாள், கையை நக்க விட்டாள். ஒன்றும் ஆகவில்லை. அதன் பிறகுதான் பணம் கொடுத்தோம். இப்போதும் பூந்திக்குப் படுக்கை அறைக்குள் அனுமதி கிடையாது. கொஞ்சினால் கை கழுவணும். இன்ஹேலர் அதே இடத்தில்தான் இருக்கிறது. மார்கழியில் ஒரு தடவை இளைப்பு வந்தது. போன மார்கழியிலும், நாய் இல்லாதபோதே வந்ததுதான்.

குட்டியின் வயசு விஷயத்தில் தோழிகள் கறாராக இருக்க வேண்டும். முதலில் நாங்கள் விசாரித்த வேறொரு ஆள், "முப்பத்தஞ்சு நாள் ஆச்சு, இப்பவே தூக்கிட்டுப் போங்க, அப்பதான் ஒட்டிக்கும்" என்றார். எட்டு வாரம் நிறையாத குட்டியை விற்கக்கூடாது என்று 2017-ல் வந்த மத்திய அரசு விதியே இருக்கிறது. நாய் இனப்பெருக்கம் செய்து விற்கிறவர்கள் மாநில விலங்கு நல வாரியத்தில் பதிவு செய்திருக்கவும் வேண்டும். பதிவு எண்ணைக் கேட்டேன், போனை வைத்துவிட்டார். தாம்பரத்தில் எண் இருந்தது, தாய் நாயும் கூடவே இருந்தது. தாயைக் காட்டாத இடத்தில் வாங்காதீர்கள். டூடுலுக்கு 'ஜாதிப் பத்திரம்' தருகிறேன் என்றாலும் மயங்க வேண்டாம். இது கலப்பு, கென்னல் கிளப் ஆஃப் இந்தியா இதைத் தனி ஜாதியாக ஏற்பதில்லை.

எங்கள் அடுத்த பிளாக்கில் ஒரு வீட்டில் அப்படி அவசரமாக வந்த குட்டி, பத்தே நாளில் பார்வோ வந்து ரத்தமாகப் போய் இறந்துவிட்டது. அந்தக் குழந்தைகள் அழுத அழுகையை மாடியிலிருந்து கேட்டுக்கொண்டிருந்தோம். பார்வோ கிருமி மண்ணில் மாதக்கணக்கில் உயிரோடு இருக்கும். அதனால் பூந்தியை அந்தப் பக்கம் இறக்கவே இல்லை. ஆறு முதல் எட்டு வாரத்தில் முதல் ஊசி, பிறகு மூன்று நான்கு வாரத்துக்கு ஒன்றாகப் பதினாறு வாரம் வரை. மூன்று மாதத்தில் ரேபிஸ் ஊசி. பூச்சி மருந்து மூன்று மாதம் வரை பதினைந்து நாளைக்கு ஒரு தடவை. இதெல்லாம் முடிகிற வரை தெருவில் நடக்க விடக்கூடாது, கையில்தான் தூக்கிப் போகணும். செருப்பை வாசலிலேயே விடணும்.

முதல் வாரம் ராத்திரி முழுக்க அழுதது. தாயின் வாசனை பட்ட துணி ஒன்றைக் கேட்டு வாங்கி வந்திருந்தேன். அதைக் கூடையில் போட்டதும் மூன்றாம் நாள் அடங்கியது. எழுந்ததும், சாப்பிட்டதும், விளையாடி முடித்ததும் பால்கனித் தட்டுக்குத் தூக்கிப் போய் விட்டால், ஒன்றுக்குப் போக ஒரு மாதத்தில் பழகிவிடும். அடித்தால் பழகாது, சோபாவுக்குப் பின்னால் போய் ஒளிந்து போகும்.

மாமியார் பாசமாகப் பசும்பால் வைத்தார். பேதி. அதோடு பால் நிறுத்தம். தயிர்சாதம் மட்டும் வளர்கிற குட்டிக்குப் போதாது. குட்டித் தீவனம், இல்லாவிட்டால் எலும்பு எடுத்த கோழி, முட்டை, கேரட் சேர்த்துக் குழைத்த சாதம், ஒரு நாளைக்கு நாலு வேளை. வெங்காயம், பூண்டு, சாக்லேட் ஆகாது. திராட்சையும் விஷம், பாயசத்தில் போடுகிற உலர்ந்த திராட்சை உட்பட! பண்டிகை நாளில் ஜாக்கிரதை. என்னைப் போல் தையல் மிஷின் வைத்திருப்பவர்கள் ஊசி, நூல்கண்டு எல்லாவற்றையும் டப்பாவில் பூட்டுங்கள். நூல் குடலில் சுற்றினால் ஆபரேஷன்தான்.

இனி சீப்புக்கு வருகிறேன். 'முடி கொட்டாது' என்பதன் அர்த்தம், உதிர்கிற முடி தரையில் விழாமல் மற்ற முடியோடு சிக்கிக்கொள்ளும் என்பதுதான். தினமும் இருபது நிமிஷம் ஸ்டீல் சீப்பால் தோல் வரைக்கும் சீவ வேண்டும். மேலாகச் சீவினால் மேலே பட்டு மாதிரி இருக்கும், அடியில் பாய் மாதிரி பின்னிக்கொண்டு தோல் புண்ணாகும். காதுக்குப் பின்னால், அக்குள், கழுத்துப்பட்டை படும் இடம், இந்த மூன்றும் மோசம். சிக்கெடுக்காமல் குளிப்பாட்டினால் சிக்கு இன்னும் இறுகும். எட்டு மாதத்திலிருந்து ஒரு வயதுக்குள் குட்டி முடி மாறும்போது தொல்லை இரட்டிப்பு. ஒன்றரை மாதத்துக்கு ஒரு தடவை முடி வெட்டவும் வேண்டும், ஒவ்வொரு தடவைக்கும் செலவு ஆயிரங்களில்தான். வாங்கும்போது யாரும் இதைக் கணக்குப் போடுவதில்லை.

அந்த முடிக்குள் உண்ணி புகுந்தால் கண்ணுக்கே தெரியாது. நம் பக்கம் உண்ணிக் காய்ச்சல் சாதாரணம். சாப்பிடாமல் படுத்துக்கொண்டாலோ, ஈறு வெளுத்தாலோ, மூக்கில் ரத்தம் வந்தாலோ அன்றைக்கே டாக்டரிடம் ஓடணும். கத்திரி வெயிலில் முடியை ஒட்ட வெட்டிவிட்டோம். நடக்க விடுவது காலை ஆறு மணிக்கு முன்னால், அல்லது இருட்டிய பிறகு. புறங்கையைத் தார் ரோட்டில் ஐந்து விநாடி வைத்துப் பார்ப்பேன். நமக்குச் சுட்டால் அதற்கும் சுடும்.

"இந்த ஊருக்கு ராஜபாளையமும் சிப்பிப்பாறையும் போதாதா, தெருவில் சுத்துறது போதாதா?" என்று மாமியார் இன்னமும் கேட்கிறார். நியாயமான கேள்விதான். குட்டை முடி, சீப்பே வேண்டாம்.

குட்டிப் பல் ஊசி மாதிரி. விளையாட்டுக் கடியில் ரத்தம் வந்தால் மஞ்சள், காபித்தூள் எல்லாம் வைக்காமல் சோப்பு போட்டு ஓடுகிற தண்ணீரில் பதினைந்து நிமிஷம் கழுவிவிட்டு அன்றே ஊசிக்குப் போங்கள். அரசு ஆஸ்பத்திரியில் இலவசம். வீட்டு நாய்தானே என்ற சமாதானம் கூடாது.

பணம் கொடுப்பதற்கு முந்தின நாள், ஒரு பேப்பரை எடுத்து மூன்று பேரையும் உட்கார வைத்தேன். நாய் கேட்பது பிள்ளை, காசு கொடுப்பது அப்பா, மூத்திரம் துடைப்பது மட்டும் அம்மாவா? நைட் ஷிப்ட் வாரத்தில் அவர் காலையில் வந்து இறங்கியதும் நடத்திக்கொண்டு போவது அவர் வேலை. ஃபர்ஸ்ட் ஷிப்ட் வாரத்தில் இருட்டிய பிறகு. ராத்திரி சீவுவது மகள், பரீட்சை நாளிலும். சோறும் டாக்டரும் நான். எழுதிக் கையெழுத்து வாங்கி ஃப்ரிட்ஜில் ஒட்டினேன். "கம்பெனியில கூட இவ்வளவு கறார் இல்ல" என்று முணுமுணுத்தார். இரண்டு தடவை மகள் டிமிக்கி கொடுத்தாள். நானும் சீப்பைத் தொடவில்லை. மூன்றாம் நாள் காதுக்குப் பின்னால் சிக்கெடுக்க அவளுக்கு ஒன்றரை மணி நேரம் ஆனது. பூந்தி கத்தியது, அவளும் அழுதாள். அதற்கப்புறம் எட்டரை மணி அடித்தால் சீப்பும் கையுமாகத் தானே வந்து உட்கார்ந்துவிடுகிறாள்.

- ஒரு வாசகி, சிங்கப்பெருமாள் கோவில்