போதைக்கு ஆட்பட்ட பிள்ளையும் வீட்டின் வரம்பும்

கிராம முன்னேற்றம் என்றவுடன் சாலை, குடிநீர்க் குழாய், பள்ளிக் கட்டிடம், பாசன வாய்க்கால் ஆகியவையே நம் நினைவுக்கு வருகின்றன. இவற்றுக்குத் திட்டம் உண்டு, மதிப்பீடு உண்டு, ஆண்டு முடிவில் கணக்கும் உண்டு. ஆனால் எந்தக் கணக்குத் தலைப்பிலும் அடங்காத ஒரு தொல்லை, பஞ்சாயத்து அங்கத்தினர்கள் வாயிலாகச் சில ஆண்டுகளாக நம்மிடம் வந்துகொண்டிருக்கிறது. 16 முதல் 19 வயது வரையுள்ள பிள்ளை. கஞ்சாவோ வலி மாத்திரையோ மதுவோ பழகிவிட்டான். கண்டித்தால் எதிர்த்துப் பேசுகிறான். பணம் கேட்டுப் பாத்திரத்தை உடைக்கிறான். பெற்றோர் வெளியில் சொல்லவும் வெட்கி, உள்ளே வைத்திருக்கவும் அஞ்சி நிற்கின்றனர். பெண் பிள்ளைகளிடத்திலும் இது அறவே இல்லை என்று சொல்வதற்கில்லை. இத்தகைய வீட்டார் என்ன செய்யலாம், ஊரார் எவ்வாறு துணை நிற்கலாம் என்பதை இங்கு விளக்க முற்படுகிறோம்.

இது நம் ஊருக்கு மட்டும் நேர்ந்த பழி அன்று. மத்திய சமூக நீதி அமைச்சகத்துக்காக டில்லி அகில இந்திய மருத்துவ விஞ்ஞானக் கழகம் நடத்தி 2019இல் வெளியான ஆய்வின்படி, 10 முதல் 75 வயது வரையுள்ளோரில் மது அருந்துவோர் சுமார் 16 கோடிப் பேர். கஞ்சா வகைகளைப் பயன்படுத்துவோர் சுமார் 3 கோடிப் பேர். ஆகவே, "எந்த வீட்டிலும் இல்லாத கேடு என் வீட்டில் வந்து சேர்ந்ததே" என்று ஒரு தாய் மனம் உடைய வேண்டியதில்லை.

பிள்ளையின் நிலையை முதலில் அறிந்துகொள்வது நலம். மனிதனின் மூளை ஏறக்குறைய 25 வயது வரை முதிர்ச்சி அடைந்துகொண்டே இருக்கிறது. பின்விளைவை எண்ணித் தன்னை அடக்கிக்கொள்ளும் பகுதிதான் அதில் கடைசியாக முதிர்கிறது. அந்தப் பருவத்தில் போதைப்பொருள் புகுந்துவிட்டால், ஆசையின் விசை மிகுதியாகவும் அடக்கும் விசை குறைவாகவும் ஆகிவிடுகின்றன. மேலும், கஞ்சாவை நிறுத்தியவனுக்கு இரண்டொரு வாரங்கள் உறக்கமின்மையும் எரிச்சலும் இருக்கும். டாப்பென்டடால் போன்ற வலி மாத்திரைகளை நிறுத்தியவனுக்கு உடம்பெல்லாம் வலி, மூக்கிலும் கண்ணிலும் நீர் வடிதல், வயிற்றுப்போக்கு ஆகியன தோன்றும். இவனது கோபத்தில் ஒரு பங்கு திமிர். ஒரு பங்கு நோய். இரண்டையும் முழுத் திமிர் என்று எண்ணுகிற தந்தை அடிக்கிறார். முழு நோய் என்று எண்ணுகிற தாய் விட்டுக்கொடுக்கிறார். பெரும்பாலான வீடுகளில் இவ்விரண்டும் ஒரே நாளில், ஒரே கூரையின் கீழ் நடைபெறுகின்றன.

வரம்பு என்பது யாது?

வயலுக்கு வரப்பு இடுகிறோம். வரப்பு தண்ணீரோடு சண்டையிடுவதில்லை. தான் நிற்க வேண்டிய இடத்தில் ஒரே உயரமாக நிற்கிறது. ஓரிடத்தில் தாழ்ந்தால் அந்த வழியாகவே வயல் முழுவதும் வடிந்துவிடும் என்பதை விவசாயப் பெருமக்களுக்கு நாம் சொல்லித் தர வேண்டியதில்லை. வீட்டில் இடும் வரம்பும் இத்தகையதே. "நீ இனி திருந்திவிட வேண்டும்" என்பது வரம்பாகாது. அது கட்டளை, நிறைவேறுவது அவன் கையில் இருக்கிறது. "இனி உன் கையில் ரொக்கம் தரமாட்டோம்" என்பதே வரம்பு. அதை நிறைவேற்றுவது பெற்றோர் கையில் இருக்கிறது. அவன் என்ன செய்ய வேண்டும் என்பதைக் காட்டிலும், நாம் என்ன செய்வோம், எதைச் செய்யமாட்டோம் என்று சொல்வதில்தான் வரம்பின் வலிமை அடங்கியிருக்கிறது.

நம் வட்டாரத்தில் கிணற்றுப் பாசனத்தில் மூன்று ஏக்கர் பயிரிடும் ஒரு விவசாயியின் குடும்பத்தை எடுத்துக்கொள்வோம். மகனுக்கு 17 வயது. பள்ளிப் படிப்பைப் பாதியில் விட்டவன். கூட்டாளிகளிடம் மாத்திரை பழகிக்கொண்டான். முதலில் களத்திலிருந்து ஒரு மூட்டை நெல் காணாமற்போயிற்று; பின்னர் பம்பு செட்டின் செப்புக் கம்பி; அதன் பின்னர் தாயின் தோடு. தந்தை அடித்தார், ஒரு நாள் மகன் திருப்பித் தள்ளினான். வீடு அமைதியாக இருக்க வேண்டுமே என்று தாய் அவ்வப்போது நூறு ரூபாய் கொடுத்துவந்தார். அப்பாயி தமக்கு வரும் முதியோர் உதவித்தொகையில் பாதியைப் பேரனுக்கு ஒதுக்கிவிட்டார். ஊர்க் கடையில் அவன் வைத்த கடனைத் தாய்மாமன் அடைத்தார். ஆக, தந்தை எழுப்பிய வரப்பில் அன்பின் பெயரால் மூன்று உடைப்புகள் இருந்தன.

கிராம சுகாதாரச் செவிலியரின் யோசனைப்படி, மகன் வீட்டில் இல்லாத ஒரு மாலையில் பெரியவர்கள் நால்வரும் முதலில் தமக்குள் உட்கார்ந்து பேசினர். இதுவே நமது கருத்தில் தலையாய படியாகும். பெரியவர்கள் ஒன்றுபடுவதற்கு முன் பிள்ளையிடம் பேசுவதால் பயன் விளைவதில்லை. அவர்கள் பத்துப் பதினைந்து விதிகளை வகுக்கவில்லை. மூன்றே மூன்றுடன் நிறுத்தினர். ரொக்கப் பணம் யாரும் தருவதில்லை. மோட்டார் சைக்கிள் சாவி தந்தையிடமே இருக்கும். கை ஓங்கினாலோ பொருளை உடைத்தாலோ தாயும் தங்கையும் உடனே பெரியப்பா வீட்டுக்குச் சென்றுவிடுவர். தேவைப்பட்டால் போலீசாருக்கும் சொல்லப்படும். மறுநாள் காலை, மகன் தெளிவாக இருந்த வேளையில், தந்தை குரல் உயர்த்தாமல் சொன்னார்: "தம்பி, இந்த வீட்டில் உனக்கு எந்நாளும் சோறு உண்டு, படுக்கப் பாய் உண்டு. பணம் மட்டும் கிடையாது. ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டும் என்று எந்த நேரத்தில் சொன்னாலும் நானே உன்னோடு வருகிறேன்."

போதையில் இருப்பவனிடம் இவற்றைப் பேசலாகாது. அப்போது சொன்னது அவன் நினைவில் நிற்பதில்லை. சண்டை மட்டுமே மிஞ்சும். சோற்றையும் கூரையையும் வரம்பாக்கவும் கூடாது. 18 வயது நிரம்பாத பிள்ளையை வீட்டை விட்டுத் துரத்துவது சட்டத்துக்கும் பொருந்தாது. அவனை மாத்திரை விற்பவன் வீட்டுத் திண்ணைக்கே அது கொண்டுபோய்ச் சேர்க்கும். மோட்டார் சைக்கிள் விஷயத்தில் பெற்றோர் இன்னொன்றையும் அறிந்திருக்க வேண்டும். 2019இல் திருத்தப்பட்ட மோட்டார் வாகனச் சட்டப்படி, 18 வயது நிரம்பாதவன் வண்டி ஓட்டிக் குற்றம் செய்தால், பெற்றோருக்கோ வண்டியின் சொந்தக்காரருக்கோ மூன்று ஆண்டு வரை சிறைத்தண்டனையும் 25,000 ரூபாய் அபராதமும் விதிக்கலாம். வண்டியின் பதிவும் 12 மாதங்களுக்கு ரத்தாகும்.

மேற்சொன்ன வீட்டில் நடந்தது என்னவெனில், முதல் வாரம் நிலைமை முன்னிலும் மோசமாயிற்று. அவன் சோற்றுத் தட்டை எறிந்தான். தாயும் தங்கையும் சொன்னபடியே பெரியப்பா வீட்டுக்குச் சென்றனர். பின்னர் இரண்டு இரவுகள் அவன் வீடு திரும்பவில்லை. அப்பாயி அழுதார், "இருநூறு ரூபாயில் தீர்வதற்கு என் பேரனைத் தொலைத்தீர்களே" என்றார். பெரும்பாலான குடும்பங்களில் வரம்பு உடைவது இந்த இடத்தில்தான். முன்பெல்லாம் கத்தினால் பணம் வந்தது; இப்போது வரவில்லை; ஆகவே இன்னும் உரக்கக் கத்திப் பார்க்கிறான். அப்போது இறங்கி வந்தோமானால், எவ்வளவு உரக்கக் கத்தினால் பணம் வரும் என்பதை நாமே அவனுக்குக் கற்பித்தவர்களாவோம். மூன்றாம் நாள் இரவு அவன் வந்தான். தாய் ஒன்றும் கேளாமல் சோறு போட்டார், பணம் தரவில்லை. அவன் தெளிவாக இருக்கும் நாட்களில் தந்தை அவனோடு உட்கார்ந்து உண்பதையும், கிணற்றடிக்கு அழைத்துச் செல்வதையும் வழக்கமாக்கிக்கொண்டார்; போதையில் வரும் நாட்களில் பேச்சுக் கொடுக்காமல் விலகிக்கொண்டார். ஒரு மாதத்துக்குப் பின், உடல்வலி தாங்காத ஒரு விடியற்காலையில், அவனே தந்தையை எழுப்பி ஆஸ்பத்திரிக்கு அழைத்தான். சிகிச்சை பெற்றுச் சில மாதங்கள் நன்றாக இருந்தான், மறுபடி விழுந்தான், அதே வரம்பு, அதே ஆஸ்பத்திரி. இன்று தந்தையுடன் நிலத்தில் உழைக்கிறான். முற்றும் தீர்ந்துவிட்டது என்று தந்தையும் சொல்லவில்லை, நாமும் எழுதவில்லை.

இம்முறை வெறும் ஊர் அனுபவம் மட்டும் அன்று. அமெரிக்காவில் இராபர்ட் மேயர்ஸ் என்பவரும் அவருடைய சகாக்களும், சிகிச்சைக்கு வர மறுக்கும் குடிநோயாளரின் குடும்பத்தாருக்கு இவ்வகையான பயிற்சி அளித்துப் பார்த்தனர். தெளிவான வேளையில் அன்பு காட்டுதல், போதை வேளையில் விலகுதல், அவனால் விளைந்த நஷ்டத்தை மூடி மறைக்காதிருத்தல், சிகிச்சைக்குத் தக்க தருணம் பார்த்து அழைத்தல் ஆகியவையே அப்பயிற்சியின் சாரம். 1999இல் வெளியான அவர்களது ஆய்வில், இம்முறையைக் கையாண்ட குடும்பங்களில் நூற்றுக்கு 64 பேர் தம் உறவினரைச் சிகிச்சைக்குக் கொண்டுவந்தனர்; எல்லோரும் கூடி நேருக்கு நேர் கண்டிக்கும் முறையில் நூற்றுக்கு 30 பேரே வெற்றி கண்டனர். இரவில் உறவுகளைக் கூட்டி வைத்து ஒருவனை நடுவில் நிறுத்தும் நம் ஊர் வழக்கத்தை இத்துடன் ஒப்பிட்டுப் பார்க்கலாம்.

சிகிச்சையும் சட்டமும்

வீட்டிலேயே பூட்டி வைத்துப் போதையை இறக்கிவிடலாம் என்று சிலர் எண்ணுகின்றனர். இது ஆபத்தான எண்ணம். நாள்தோறும் மிகுதியாகக் குடித்தவனும், தூக்க மாத்திரைக்குப் பழகியவனும் திடீரென்று நிறுத்தினால் வலிப்பு வரக்கூடும், உயிருக்கே முடிவாகலாம். மாத்திரையைக் கரைத்து ஊசியில் ஏற்றிக்கொள்ளும் பழக்கம் உள்ளவனுக்கு, எச்.ஐ.வி., மஞ்சட்காமாலைக் கிருமி ஆகியவற்றுக்கு இரத்தப் பரிசோதனையும் வேண்டும். சிலகாலம் விட்டிருந்தவன் பழைய அளவையே மீண்டும் எடுத்தால் மூச்சு நின்றுவிடும் அபாயம் உண்டு. எழுப்பியும் எழாமல், மூச்சு மெதுவாகி, உதடு நீலம் பாரித்தால், போலீஸ் வருமோ என்று யோசியாமல் 108க்குச் சொல்ல வேண்டும்.

சங்கிலியால் கட்டுவதை மனநலச் சட்டம் 2017 அறவே தடுத்திருக்கிறது. 2001 ஆகஸ்டு 6ஆம் நாள் ஏர்வாடியில் ஒரு தனியார் காப்பகம் தீப்பற்றியபோது, சங்கிலியில் பிணைக்கப்பட்டிருந்த மனநோயாளர் 28 பேர் தப்ப வழியின்றி மாண்டனர் என்பதை நம் மாநிலம் மறந்துவிடவில்லை. போதை மீட்பு இல்லம் என்று பலகை மாட்டியிருக்கும் இடங்களில் சேர்க்குமுன், மாநில மனநல ஆணையத்தின் பதிவுச் சான்றைக் காட்டச் சொல்லிப் பார்ப்பது பெற்றோரின் உரிமை. மாவட்ட மனநலத் திட்டத்தின் கீழ் அரசு மருத்துவமனையில் மனநல மருத்துவரைக் காணலாம். 14446 என்ற எண்ணில் போதை மீட்பு ஆலோசனையும், 14416இல் மனநல ஆலோசனையும் இலவசமாகக் கிடைக்கின்றன.

ஆஸ்பத்திரிக்குப் போனால் வழக்கு வரும் என்ற அச்சம் பலரைத் தடுக்கிறது. போதைப்பொருள் தடுப்புச் சட்டம் 1985இன் 64ஏ பிரிவு, போதைக்கு அடிமையானவன் தானாக முன்வந்து அரசு நடத்தும் அல்லது அரசு அங்கீகரித்த மருத்துவமனையில் சிகிச்சை பெற்றால், உட்கொண்டதற்காகவோ சிறிதளவு வைத்திருந்ததற்காகவோ அவன்மேல் வழக்கு நடத்துவதிலிருந்து காப்பு அளிக்கிறது. சிகிச்சையை முழுவதும் முடிக்காவிடில் அந்தக் காப்பு நீக்கப்படலாம். விற்பவனுக்கோ சட்டம் கடுமையானது. 18 வயது நிரம்பாதவனுக்கு மது, புகையிலை, போதைப்பொருள் எதைக் கொடுத்தாலும், இளைஞர் நீதிச் சட்டம் 2015இன் 77ஆம் பிரிவின்படி ஏழு ஆண்டு வரை கடுங்காவலும் ஒரு லட்சம் ரூபாய் வரை அபராதமும் உண்டு.

பஞ்சாயத்தின் பங்கு

1989இல், அன்றைய தஞ்சை மாவட்டத்து மஞ்சக்குடியில், திருமதி சாந்தி ரங்கநாதன் சென்னையில் 1980இல் நிறுவிய டி.டி. ரங்கநாதன் மருத்துவ ஆய்வு நிறுவனம், குடிநோயாளருக்கு இரண்டு வார காலத்துக்கு முகாம் நடத்தத் தொடங்கியது. மருத்துவர் வெளியிலிருந்து வந்தனர். தங்க இடமும் உணவும் ஊர்ப்பக்கத்திலேயே ஏற்பாடாயின. குடும்பத்தாரையும் உடனழைத்துப் பேசினர். ஊர் மனம் வைத்தால் சிகிச்சை ஊருக்கே வரும் என்பதற்கு இது சான்று.

அன்றாடக் காரியத்தில் பஞ்சாயத்து செய்ய வேண்டியது இதைக் காட்டிலும் எளிது. ஆனால் பழக்கத்துக்கு மாறானது. மரத்தில் கட்டுவது, மொட்டை அடிப்பது, குடும்பத்துக்கு அபராதம் போடுவது ஆகியவற்றை விட்டொழிக்க வேண்டும். அவமானப்பட்ட பிள்ளை ஊரைவிட்டு ஓடுவானேயன்றி மாத்திரையை விடமாட்டான். ஒரு வீட்டார் வரம்பு இட்டிருக்கிறார்கள் என்று தெரிந்தால், கடைக்காரர் அந்தப் பிள்ளைக்குக் கடன் தரலாகாது. பழைய இரும்பு வாங்குபவர் அவன் கொண்டுவரும் செப்புக் கம்பியை வாங்கலாகாது. அறுவடைக் கூலியை 17 வயதுப் பையன் கையில் கொடுப்பதா, வீட்டில் சொல்லிவிட்டுக் கொடுப்பதா என்பதைக் கூலி கொடுப்பவரும் சற்று யோசிக்கலாம். தாயும் தங்கையும் இரவில் வந்து கதவைத் தட்டினால் திறப்பதற்குப் பக்கத்து வீடு ஒன்று முன்கூட்டியே பேசிவைக்கப்பட்டிருக்க வேண்டும். பஞ்சாயத்துத் தலைவரின் தலைமையில் அமைய வேண்டிய கிராமக் குழந்தைகள் பாதுகாப்புக் குழு பல ஊர்களில் ஏட்டளவில் இருக்கிறது. இதற்காகவே அது கூடலாம். 1098க்குச் சொன்னால் மாவட்டக் குழந்தைகள் நலக் குழுவின் உதவியும் கிடைக்கும்.

விற்பனையைப் பற்றிய தகவலை 10581 என்ற எண்ணில் போலீசாரிடம் தெரிவிக்கலாம். கிராம சபையில் இப்பொருள் வரும்போது, தீர்மானப் புத்தகத்தில் எந்தப் பிள்ளையின் பெயரையும் குடும்பத்தின் பெயரையும் எழுத வேண்டாம். பள்ளியிலிருந்து 100 கஜ தூரத்துக்குள் புகையிலை விற்கும் கடை இருந்தால், அளந்த தூரத்தையும் கடை இருக்கும் தெருவையும் மட்டும் குறிப்பிட்டு, தலைவர் கையொப்பத்துடன் வட்டார அலுவலகத்துக்கு ஒரு பிரதி அனுப்பினால் போதும். சம்பந்தப்பட்ட இலாகாக்களுக்கு நாமே அனுப்பிவைப்போம்.