உங்களுக்குத் தெரியுமா? கடலோடிய தூரிகை!

கப்பல் ஓவியம் என்றதும் கரையிலிருந்து தெரியும் முழுக்கப்பல்தான் நினைவுக்கு வரும். ஜான் எவரெட் (1876–1949) வரைந்ததோ கப்பலுக்குள் இருந்துகொண்டே!

லண்டன் ஸ்லேட் கலைப்பள்ளியில் படித்த இந்த ஆங்கிலேயர், 1898-இல் ‘இக்கீக்கே’ என்ற பாய்மரக் கப்பலில் ஏறி சிட்னிக்குப் போனார். பிறகும் பலமுறை கடலோடினார். காற்றில் புடைத்த பாய்கள், மேல்தளத்தில் விழும் கயிறுகளின் நிழல், வேலையில் மூழ்கிய மாலுமிகள்... எல்லாம் படமாயின. பாய்க்கும் கித்தான், படத்துக்கும் கித்தான்!

நீராவிக் கப்பல்கள் பாய்மரக் கப்பல்களை ஓரங்கட்டிக்கொண்டிருந்த காலம் அது; மறைந்துகொண்டிருந்த அந்தக் கப்பல் வாழ்க்கைதான் அவர் படங்களில் பதிவானது.

முதல் உலகப் போரின்போது, பகைவரின் கண்ணைக் குழப்புவதற்காகக் கோணல்மாணலான பட்டைகள் தீட்டப்பட்ட கப்பல்களையும் வரைந்தார். அவருடைய ஆயிரத்துக்கும் மேற்பட்ட எண்ணெய் வண்ண ஓவியங்கள் கிரீனிச் தேசியக் கடல்சார் அருங்காட்சியகத்தில் இருக்கின்றன.